என்ன செய்தனீங்கள்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி பழுதாகிவிட்டது என்று அவரிடம் போய் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. சொன்னால் "என்ன நடந்தது?" என்று கேட்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பார். குரலில் கோபம் துளியும் இருக்காது. நாக்கை நீட்டச் சொல்லும் வைத்தியரைப்போல, பதில் ஏற்கெனவே பாதி தெரிந்தவராகக் கேட்பார்.

"ஒன்னுமே செய்யலங்க சேர். சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

"ஒண்டும் செய்யாட்டி ஒண்டும் நடக்காது. யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தால் ஏதாவது செய்துதான் இருப்போம். அவரிடம் எங்களுக்கு இருந்த எரிச்சலே அதுதான்.

மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அதற்கே டீச்சராக வந்தவள். அவர் வடமராட்சிப் பக்கத்திலிருந்து வந்த கணினி ஆசிரியர். பிள்ளைகளுக்கு அவர் கம்பியூட்டர் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஆசிரியர்கள் எங்கள் குளிரைக் கண்டதும் அடுத்த தவணைக்கே இடமாற்றத்துக்கு எழுதிப்போடுவார்கள். இவர் எழுதவில்லை. "குளிருதெண்டால் நான் ஸ்வெற்றர் கொண்டு வரேல்லை எண்டு அர்த்தம்" என்றார். டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் தன்மேல்தான் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருப்பார்.

கணினி அறையில் இருந்தவை எல்லாம் ஏதோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் வேலை செய்து களைத்து, எங்களுக்கு அன்பளிப்பாக வந்தவை. வழக்கமாகப் போடும் மென்பொருளைப் போட்டால் மூச்சு வாங்கும். அவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். அதைப்பற்றி அவர் பேசினால், பெண் பார்த்துவிட்டு வந்தவர் பேசுவதுபோல இருக்கும்.

"காசு கேளாது டீச்சர். வேவு பாராது. சொன்னதை மட்டும் செய்யும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவருடைய சமயம். சொன்னதை மட்டும் செய்கிற ஒன்று பிழை விட முடியாது. ஆகவே பிழை, சொன்னவரிடம்.

ஒருமுறை பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, தமிழ்த்தினப் போட்டிக்குத் தட்டச்சுச் செய்து வைத்த கட்டுரை காணாமல் போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தாள். "கம்பியூட்டர் முழுங்கிருச்சுங்க சேர்" என்றாள்.

"அதுக்கு வாய் இல்லை பிள்ளை. நேற்று நீங்கள் கதிரையில இருந்ததில இருந்து என்ன செய்தனீங்கள் எண்டு வரிசையாச் சொல்லுங்கோ."

பத்தாம் ஆண்டுப் பிள்ளையையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருக்கும். இவள் சிரிக்கிற நிலையில் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் அவளையே செய்யவைத்தார். பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸும் போய், மழையும் பிடித்துக்கொண்டது. கடைசியில் கட்டுரை அகப்பட்டது. வேறொரு பிள்ளையின் கோப்புறைக்குள் தவறுதலாகச் சேமித்திருந்தாள். அவர் 'பாத்தீங்களோ' என்று சொல்லவில்லை. தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, மழையில் டவுன் வரைக்கும் நடந்து போனார். மறுநாள் தடிமனோடு வந்தவரிடம், "ஏங்க சேர், மழ விட்டோன்ன போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"ஓம். என்ர பிழைதான்" என்றார் உடனே. தும்மினார்.

இதுதான் அவரிடம் கோபித்துக்கொள்ள முடியாததற்குக் காரணம். மற்றவர்களுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள், புறப்பட வேண்டிய நேரத்துக்கு முன்பே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான் டிரைவர். நாங்கள் நின்றிருந்த எல்லோரும் டிரைவருடைய பரம்பரையை இரண்டு மொழிகளில் திட்டினோம். இவர் மட்டும் அமைதியாக, "அந்தாள் முந்தி எடுக்கிற ஆள் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் நேரத்துக்கு வந்தது பிழை" என்றார். அன்றைக்கு எங்களுக்கு டிரைவரைவிட இவர்மேல்தான் ஆத்திரம் வந்தது.

பள்ளிக்கூட அதிபர் ஒருதரம் அவரைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தார். அதிபர் நல்ல மனிதர். ஆனால் கணினியைச் சந்தேகத்தோடு பார்ப்பவர். தன் அலுவலக அறைக் கணினி 'செத்துப்போய்விட்டது' என்று அறிவித்துவிட்டு, "சேர், நான் தொடவே இல்லைங்க. லீவு முடிஞ்சி இப்பதான் கதவயே தொறக்கிறேன். இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். கணினியின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேத்தலின் பிளக் மாட்டப்பட்டிருந்தது. கேத்தலில் அதிபரின் பாலில்லாத பிளேன்டிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. "கம்பியூட்டர் லாபைத் துப்புரவாக்க வேணும்" என்றார். எங்கள் மலையில் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காத பொருள் கிடையாது. சப்பாத்து முதல் சாமிப்படம் வரை பிடிக்கும். அதனால் தூசி தட்டப் போகிறார் என்று நினைத்தோம்.

விடுமுறை முடிந்து வந்தபோது அறை பளிச்சென்று இருந்தது. அவர்தான் மங்கியிருந்தார்.

கணினி அறையில் முன்பக்கம் அவருக்கென்று ஒரு கணினி உண்டு. வினாத்தாள்களும் புள்ளிகளும் அதில்தான் இருந்தன. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாகவே திரை பூட்டிக்கொள்ளும்; கடவுச்சொல்லை அடித்தால்தான் திறக்கும். எழுந்தால் பூட்டவேண்டும் என்பதை முதல் பாடமாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தத் தவணையின் முதல் வாரத்தில், கரும்பலகையில் எதையோ விளக்கிவிட்டுத் திரும்பி வந்து கடவுச்சொல்லை அடித்தார். பிழை என்றது திரை. மறுபடி அடித்தார். மறுபடியும் பிழை என்றது.

அடுத்த அறையில் நான் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடையில் பலகைத் தட்டிதான். அவருடைய குரல் கேட்டது.

"கை பிழைச்சுப்போச்சு பிள்ளையள். பொறுங்கோ."

பிறகு பொத்தானை அமர்த்தி நிறுத்தி, மறுபடி இயக்கும் சத்தம். இயக்கியதும் அதே கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. பாடம் தொடர்ந்தது. அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அது நடந்தது. காலையில் இயக்கும்போது உள்ளே விடும். பூட்டிக்கொண்டால் பிறகு விடாது. வேறு யாராக இருந்தாலும் 'இந்தச் சனியனுக்கு என்னமோ பிடிச்சிருக்கு' என்று இரண்டு தட்டுத் தட்டியிருப்பார்கள். அவருக்கோ ஒரே கடவுச்சொல்லை ஒரு தடவை ஏற்றுக்கொண்டு, மறுதடவை மறுக்கிறது என்றால், மறுதடவை தான் வேறு எதையோ அடித்திருக்கிறார் என்றுதான் பொருள். கணினி பிழை விடாது அல்லவா?

கடவுச்சொல்லை மாற்றினார். சிறியதாக்கினார். பிறகு இன்னும் சிறியதாக்கினார். அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். முன்வரிசைப் பிள்ளைகளுக்கெல்லாம் அது மனப்பாடம் ஆகிவிட்டது. பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுத்தவரின் கடவுச்சொல்லைப் பள்ளிக்கூடமே அறிந்திருந்தது. திரை மட்டும் அறியமாட்டேன் என்றது. கட்டுரையைத் தொலைத்த அதே பிள்ளை ஒருநாள் எழுந்து சொன்னாளாம்:

"சேர், நீங்க சரியாத்தாங்க அடிச்சீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்ப நீங்கள் பிழையாப் பாத்திருக்கிறியள் பிள்ளை" என்றாராம்.

அதன்பிறகு கணினியைப் பூட்டிக்கொள்ள விடாமல் பார்த்துக்கொண்டார். பாதி விளக்கத்தில் ஓடிவந்து மவுசை ஒரு அசைவு அசைத்துவிட்டுப் போவார். ஊருக்குப் புறப்படுகிறவர் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பித் திரும்பி வருவதுபோல. தானாகப் பூட்டும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டிருக்கலாம். அது அவருக்குத் தெரியாததும் அல்ல. பின்னாளில் கேட்டபோது, "அது பிழையை மறைக்கிற வேலை" என்றார். ஓடிவந்து மவுசை ஆட்டுவது என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையிலும் அவர் மாறிப்போனார். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "டீச்சர், நேற்று நான் உங்களிட்ட ஏதும் கேட்டனானோ?" என்பார்.

"சோக்கட்டி கேட்டீங்க சேர்."

"தந்தனீங்களோ?"

"குடுத்தேங்க."

தலையை ஆட்டிக்கொள்வார். அது ஒரு சோதனை, அதில் அவர் தேறிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. இன்னொரு நாள் பள்ளிக்கூட ஏற்றத்தில் எனக்கு முன்னால் நடந்து போனவர், ரயில் நிலையங்களை முணுமுணுத்துக்கொண்டே போனார். "ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன்..." அங்கே நின்றுவிட்டார். வாயும் நின்றது, காலும் நின்றது. நான் பக்கத்தில் வந்து, "றதெல்லங்க சேர்" என்றேன். முகத்தில் ரத்தமே இல்லை. "ஓம், றதெல்ல" என்றார். அங்கிருந்து பட்டிப்பொல வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார். றதெல்ல இங்கேயே பிறந்தவர்களுக்கும் சட்டென்று ஞாபகத்துக்கு வராத நிலையம். அதை அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். ஆறுதலை அவர் ஒருபோதும் சான்றாக ஏற்பவர் அல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கணினி அறைக்கு வரச்சொன்னார். சாவிக்கொத்து மேசைமேல் இருந்தது. சாவிகள் ஒவ்வொன்றிலும் நிறநூல் கட்டியிருந்தார்.

"டீச்சர், இனி லாபை நீங்கள் பாருங்கோ. அதிபரிட்டச் சொல்லிப்போட்டன்."

"என்னங்க சேர் இது? நான் கணக்கு டீச்சரு. எனக்கென்ன தெரியும்?"

"பழகலாம். எனக்கு இனி ஏலாது."

"மாத்தம் கெடச்சிருச்சா?"

இல்லை என்று தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டவில்லை.

"என்ர அம்மாவுக்கு மறதி வருத்தம் டீச்சர். அவவும் டீச்சர்தான். முப்பது வருசம் படிப்பிச்சவ. முதலில அடுப்பில உலையை வைச்சிட்டு மறந்து போனா. பிறகு வீட்டு முத்தத்தில நிண்டுகொண்டு வீடு எங்க எண்டு கேட்டா. சித்திரை லீவுக்குப் போகேக்க என்னைப் பாத்து, தம்பி எந்தப் பள்ளிக்கூடம் எண்டு மரியாதையாக் கேட்டா. அதுதான் ஆகஸ்டில நான் போகேல்லை. பாக்க ஏலாமக் கிடந்தது." கண்ணாடியைச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப எனக்கும் துவங்கியிட்டுது."

"யாருங்க சேர் சொன்னது? டாக்டரா?"

"உது சொல்லுது" என்று கணினியைக் காட்டினார். "ஒவ்வொரு நாளும் சொல்லுது."

வெளியே மலையிலிருந்து மூட்டம் இறங்கி, விளையாட்டு மைதானத்தை மூடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவருடன் தர்க்கம் செய்வதைவிட, அவர் சொன்னபடி கேட்பதுதான் நல்லது என்று பட்டது. உட்கார்ந்தேன்.

முறைப்படிதான் ஒப்படைத்தார். தன் கடவுச்சொல்லைத் தரவில்லை. எனக்கென்று புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கினார். "கடவுச்சொல்லை நீங்களே போடுங்கோ. எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிறந்த தோட்டத்தின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் போட்டேன். உள்ளே போனேன். கோப்புகள் இருக்கும் இடங்களைக் காட்டினார். பிள்ளைகளின் பெயர்களையும், யாருக்கு எது விளங்காது, யாரைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தக்கூடாது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு மறதி என்று யார் நம்புவார்கள்? அவர் நம்பினார்.

"இப்ப எழும்பிப் போகப்போறியள் எண்டு வையுங்கோ. என்ன செய்வியள்?"

"பூட்டுவேன்."

"பூட்டுங்கோ."

பூட்டினேன்.

"திறவுங்கோ."

அடித்தேன். பிழை என்றது.

அவர் பழக்கதோஷத்தில், கண்ணாடியை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஒன்னும் செய்யலங்க சேர். பாஸ்வேர்ட அடிச்சேன்."

"கப்ஸ் லொக் எரியுதோ பாருங்கோ."

எரியவில்லை.

"தமிழ் எழுத்தில நிக்குதோ?"

மூலையில் ஆங்கிலம் என்றுதான் காட்டியது. மறுபடி அடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. மறுபடியும் பிழை.

"டீச்சர், சொல்லக்கூடாதுதான். என்ன போட்டனீங்கள்?"

சொன்னேன். என்னை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்து அடித்தார். பிழை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உங்களுக்கு மறதி ஏதும்..."

"இல்லைங்க சேர்."

"உங்கட அம்மாவுக்கு?"

"எங்கம்மாவுக்கா? அஞ்சாம் ஆண்டுல நான் திருடித் தின்ன கருப்பட்டிய இன்னும் மறக்கலங்க சேர். போன பொங்கலுக்குக்கூட எம் மாமியாகிட்ட சொல்லிக் காட்டுனாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்தது. இத்தனை நாளும் சந்தேகத்துக்குரியவர் அவர் ஒருவர்தான். இப்போது நானும் சேர்ந்துவிட்டேன். முதலில் உன்னைச் சந்தேகி, பிறகு மற்றதைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், தன் விஷயத்தில் முதற்படியிலேயே இறங்கி நின்றுவிட்டார். இரண்டாவது படி ஒன்று இருப்பது அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது.

விசைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து அமர்த்தினார். படங்கள் எல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்தன. என் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தார். சட்டென்று உள்ளே விட்டது.

"இந்த வாசலால விடுது" என்றார். "அந்த வாசலால விடேல்லை. கடவுச்சொல் ஒண்டுதான்."

"அப்ப மெசின்லதான் கோளாறா சேர்?"

என் குரலில் கொஞ்சம் வெற்றி இருந்திருக்கலாம். அவர் காதில் விழவில்லை. கணினி தனக்குள் எழுதிவைத்திருந்த வரிகளை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே போனார். நான் ஜன்னலோரம் நின்றேன். எனக்குப் புரியாத அந்த வரிகளில் ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். பலமாகவே அடித்தார்.

"ஐயோ. நான்தான்!"

"என்னங்க சேர்?"

"நான்தான் டீச்சர்! நான்தான் செய்தனான்!"

பிறகு எனக்கு விளக்கினார். கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பை எல்லாரும் திறக்க முடியாது. இயக்கியதும் வருகிற முதல் வாசலுக்கும் அந்தக் கறுப்புத் திரைக்கும் நேரடியாகத் திறக்கும் அதிகாரம் உண்டு. பூட்டுத்திரைக்கு இல்லை. அது ஒரு சின்ன நிரலைக் கூப்பிட்டு, 'இந்தக் கடவுச்சொல் சரியா என்று பார்த்துச் சொல்' என்று கேட்கும். அந்தச் சின்ன நிரலுக்கு அந்த ஒரு வேலைக்காகவே கோப்பைத் திறக்க விசேஷ அனுமதி கொடுத்திருப்பார்கள். விடுமுறையில் அவர் துப்புரவு செய்தது தூசியை அல்ல. கணினிக்குள் யார் யாருக்கு விசேஷ அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாதவர்களுடைய அனுமதியை எல்லாம் பறித்திருக்கிறார். இந்தச் சின்ன நிரலின் பெயர் அவருக்குப் பழக்கமில்லை.

"பேர் தெரியாத ஆளுக்கு என்னத்துக்கு இவ்வளவு அதிகாரம் எண்டு நினைச்சன். எடுத்துவிட்டன். பாவம், அது அண்டைக்குத் துவங்கிக் கோப்பைத் திறக்க ஏலாமல், தெரியாது தெரியாது எண்டு சொல்லிக்கொண்டிருக்கு. பூட்டுத்திரை அதைப் பிழை எண்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கு."

ஒரே ஒரு வரி அடித்தார். அனுமதி திரும்பியது. பூட்டினார், கடவுச்சொல்லை அடித்தார், திறந்தது. மறுபடி பூட்டினார், மறுபடி திறந்தது. புதிதாகக் கரண்ட் வந்த வீட்டுப் பிள்ளை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல, பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைத்தது கண்ணாடியை அல்ல.

சத்தம் கேட்டு அதிபர் வந்து வாசலில் நின்றார்.

"என்னங்க சேர்? என்ன நடந்திச்சி?"

"நான் பிழை விட்டிட்டன் சேர்!" என்றார் இவர். தனக்குப் பிள்ளை பிறந்ததை அறிவிக்கிற குரல் அது. "முழுக்க முழுக்க என்ர பிழை! மெசினில ஒரு கோளாறும் இல்லை!"

அதிபர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்படீங்களா? ரொம்ப சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, குழப்பத்தோடு அவருக்குக் கைகொடுத்தார்.

எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். எல்லாத் தப்பும் மனிதன்மேல் இல்லை சேர் என்று சொல்ல இத்தனை வருஷம் காத்திருந்து, ஒரு நல்ல சந்தர்ப்பம் கைக்கு வந்து, கைக்குள்ளேயே நழுவிப்போயிற்று. அவருடைய சமயம் கீறல்கூடப் படாமல் வெளியே வந்துவிட்டது. ஆனால் பிழை செய்தவன் என்று நிரூபணமானதற்கு ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. பிழை விடுகிறவனுக்குப் புத்தி இருக்கிறது. அது போதும் அவருக்கு.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் பிள்ளைகளுக்குச் சொன்னார். தட்டிக்கு இந்தப்பக்கம் என் வகுப்பும் கணக்கை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளையை எழுப்பி, "நீங்கள் சரியாத்தான் பாத்தனீங்கள். உங்களை நம்பாதது என்ர பிழை" என்றார். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. சாவிக்கொத்தை என்னிடமிருந்து அன்றைக்கே வாங்கிக்கொண்டார்.

மறதி தனக்கு இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு வேறொன்று தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். டிசம்பர் விடுமுறை தொடங்கிய அன்றே ஊருக்குப் போனார். வந்ததும் மாற்றத்துக்கு எழுதிப்போட்டார். இத்தனை வருஷம் குளிருக்கு அசையாதவர் இப்போது ஏன் என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்டார்கள். "அம்மாவைத் தங்கச்சி ஒருத்தியில விட்டிட்டு இஞ்ச இருந்தது பிழை" என்றார். இந்தத் தடவை யாரும் அவருக்கு மறுத்துச் சொல்லவில்லை. பிரியாவிடையில் பிள்ளைகள் அழுதார்கள். அதிபர் பேச எழுந்து, கேத்தல் கதையைத் தானே சொல்லிச் சிரிக்கவைத்தார்.

போனபிறகு, கணினியில் ஏதாவது சிக்கல் என்றால் நான் அவருக்குப் போன் எடுப்பேன். எடுத்ததும் வழக்கமான கேள்விதான் வரும். போன மாதம் எடுத்தபோது அந்தக் கேள்வி வரவில்லை. குரல் மெதுவாக இருந்தது.

"அம்மா எப்படிங்க சேர் இருக்காங்க?"

"இருக்கிறா. என்னை இப்ப தன்ர தம்பி எண்டு நினைக்கிறா. அவர் வாலிபத்தில கடலோட போனவர். நான் பிறக்க முந்தியே. அவர் திரும்பி வந்திட்டார் எண்டு சந்தோசமா இருக்கிறா."

"நீங்க சொல்லிப் பாக்கலையாங்க? நான் மகன்னு?"

"வந்த புதுசில சொன்னனான். திருத்தித் திருத்திச் சொன்னனான். அவ தன்ர தம்பி செத்துப்போனதை அண்டைக்குத்தான் கேள்விப்படுற மாதிரி ஒவ்வொரு முறையும் அழுதா." போனை மற்றக் காதுக்கு மாற்றுவது கேட்டது. "இப்ப சொல்லுறேல்லை."

அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து ஒரு மெலிந்த குரல் கேட்டது. வயதான குரல், ஆனால் வகுப்பில் கடைசி வரிசை வாங்கு வரைக்கும் கேட்கப் பழகிய குரல்.

"தம்பி, ஆரோட கதைக்கிறாய்?"

போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒரு டீச்சரோட, அக்கா. இந்தா வாறன்."